கல்லுக்காட்டுப் பிரிவின் பத்தாவது ஆள்

அவைத் தலைவர் அரங்கசாமி ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் ரயில்வே நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எஸ்தர் டீச்சர் அவர்களே, மாடி ஜெபக்கூடத்துப் பெரியவர்களே, மிஷினை நிறுத்திவிட்டு கைகூடக் கழுவாமல் வந்திருக்கும் என் பட்டறைத் தொழிலாளர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் லட்சுமணசாமி. இந்த இடத்தில் முப்பது வருடமாக பம்ப்செட் பவுண்டரி நடத்துகிறேன். எனக்கு வார்ப்படம் வரும், பேச்சு வராது. இருந்தாலும் இன்று நான்தான் பேச வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். காரணம், போத்தனூர் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற திரு. பெஞ்சமின் தள்கர் அவர்கள் இருபத்து மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் ஏறி இறங்கியது என் பவுண்டரியின் மாடிப்படி. சென்ற வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். அவருக்கு வயது எழுபத்து நான்கு.

வெளியே சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். "ஐயாவின் பிரிவால் வாடும் கல்லுக்காட்டுப் பிரிவு பொதுமக்கள்" என்று அடித்திருக்கிறார்கள். அச்சகத்துக்காரர் என்னிடம், ஒரே வரியில் பிரிவு இரண்டு முறை வருகிறதே, ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். மூன்றாவதாக ஒரு பிரிவும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

வெளியூர் ரயில்வே நண்பர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெரிய ரோட்டில் இருந்து ஒரு ரோடு கிளம்பும் இடத்துக்குப் பிரிவு என்று பெயர். அன்னூர் போனாலும் தொண்டாமுத்தூர் போனாலும் வழியில் பத்துப் பிரிவு இருக்கும். கண்டக்டர் "பிரிவு எறங்கு" என்றால் இறங்க வேண்டியதுதான். பொள்ளாச்சி ரோட்டில் இருந்து போத்தனூருக்கு ஒரு ரோடு கிளம்புகிற இந்த இடம் கல்லுக்காட்டுப் பிரிவு.

ஐயா ஒரு யூதர். இது இந்த ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கே ஆரம்பத்தில் தெரியாது. பெஞ்சமின் என்று பெயர் இருக்கிறதே என்று முதல் வருடம் கிறிஸ்துமஸுக்கு கேக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவர் வாங்கிக்கொண்டு, ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க. ஆனா பண்டிகை எங்களுதில்லீங்க" என்றார். அவருடைய பாட்டனார் பம்பாய்ப் பக்கத்து கொங்கணக் கடற்கரையில் இருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். ஐயா பிறந்தது, வளர்ந்தது, பேசியது எல்லாம் போத்தனூர்.

அவரைப் போல பம்பாய்ப் பக்கத்துக் குடும்பங்கள் சில. கொச்சியில் இருந்து வந்து இங்கே தொழில் செய்யும் யூதக் குடும்பங்கள் சில. இவர்கள் எல்லோரும் சனிக்கிழமை கூடி ஜெபிப்பது என் பவுண்டரி மாடியில். கொச்சிக்காரர்களுக்கு முன்னால் நிற்பவர், இதோ மூன்றாவது நாற்காலியில் இருக்கும் மரக்கடை மேனாஹேம் அவர்கள். இரண்டு பக்கமும் தும்மினால்கூடத் தனித்தனி ராகத்தில் தும்முவார்கள். ஒரே எபிரேய ஜெபத்தைக் கொச்சிக்காரர் ஒரு மெட்டில் இழுப்பார், பம்பாய்க்காரர் இன்னொரு மெட்டில் வெட்டுவார். கொச்சி வீட்டுப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுப் பாடுவார்கள். பம்பாய்க்காரர்கள் நல்ல காரியம் என்றால் அவல், வெல்லம், தேங்காய், பழம் எல்லாம் தட்டில் குவித்து எலியா தீர்க்கதரிசியை நினைத்து ஜெபம் செய்வார்கள். முதல் முறை அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு மேனாஹேம் என்னிடம் வந்து, "ஏனுங்க நாயுடு, இது உங்க ஊட்டுப் பூசைத் தட்டா, மேல வந்து மாறிப்போச்சா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்தவர் யார்? ஒரே புத்தகத்தைத் திறக்கவைத்தவர் யார்? ஐயாதான். எப்படிச் செய்தார் என்று கேட்டால், பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒரு வாரம் கொச்சி மெட்டு, ஒரு வாரம் பம்பாய் மெட்டு என்று வைத்தார். ஒற்றைத் தடத்தில் இரண்டு பக்க வண்டியையும் விட்டுப் பழகிய சிக்னல்காரருக்கு அது ஒரு வேலையே இல்லை.

அவர்களுக்குக் கூட்டு ஜெபம் என்றால் பத்துப் பேர் வேண்டும். பத்து ஆண்கள். ஒன்பது பேர் இருந்தால் சில ஜெபங்களைச் சொல்லக்கூடாது. முக்கியமாக, இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல முடியாது. அதனால் முதலில் ஆள் எண்ண வேண்டும். ஆனால் ஒன்று, இரண்டு என்று ஆட்களை எண்ணக்கூடாதாம். ஐயா ஒரு வழி வைத்திருந்தார், அது அவர்கள் பழைய வழி. பத்தே வார்த்தை உள்ள ஒரு எபிரேய வரி. ஒவ்வொரு தலைக்கும் ஒரு வார்த்தை. வரி முடிந்தால் பத்துப் பேர். கடைசி வார்த்தைக்கு என்றென்றைக்கும் என்று பொருள் என்று சொன்னார். இதை அவர் விளக்கியபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் களத்தில் தானியம் அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்வோமா? "லாபம்" என்றுதானே ஆரம்பிப்போம். இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அப்ப நீங்களும் எங்க ஆளுதானுங்க" என்றார்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மாடியை அவர்களுக்குக் கொடுத்தேனே ஒழிய, கீழே கிரைண்டிங் மிஷினை நிறுத்தவில்லை. சனிக்கிழமை எனக்கு வேலை நாள். ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து, மாடியில் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை என்று நினைத்தேன். ஜெபம். ஏனுங்க முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆண்டவனுக்கு எப்படியும் கேக்குமுங்க. நாங்க ஒருத்தர் சொல்றதுதான் ஒருத்தருக்குக் கேக்கறதில்லை" என்றார். அன்று முதல் சனிக்கிழமை காலையில் அந்த மிஷின் ஓடுவதில்லை. ஆனால் கத்துவது மட்டும் நிற்கவில்லை. பழகிவிட்டது.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், அன்று வண்டி ஏறக்கூடாது என்பது அவர்கள் சட்டம். ஐயா போத்தனூரில் இருந்து நாலு கிலோமீட்டர் நடந்தே வருவார், மழையானாலும் வெயிலானாலும். மற்றவர்களில் பல பேர் டவுன் பஸ்ஸில் வருவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் வேலனைக் கேளுங்கள். வழியில் இவரைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, "ஏறிக்கோங்க ஐயா" என்று கூப்பிடுவாராம். "நீங்க போங்க கண்ணு, நான் மெதுவா வாரேன்" என்பாராம். பஸ்ஸுக்குள் இருக்கும் இவருடைய ஆட்கள் முகத்தை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஒரு பையன் வெட்கப்பட்டு ஒரு ஸ்டாப் முன்பே இறங்கி நடந்து வந்தான். ஐயாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "நடக்கறதா இருந்தா ஊட்டுல இருந்து நட. இல்லாட்டி பஸ்ஸுலயே வந்து சேரு. என்னைப் பார்த்து எறங்கி, நேரங்கழிச்சு வந்து, எங்களை ஒன்பது பேரா நிறுத்தாதே" என்றார். நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தான் நடப்பார், அடுத்தவன் எப்படி வந்தான் என்று கேட்கமாட்டார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் கண்ட மதம் இதுதான்.

இப்போது மூன்றாவது பிரிவுக்கு வருகிறேன். தொண்ணூற்று மூன்றில் ஒரு மில்லுக்கு ஸ்பின்னிங் மிஷின் பொருத்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் வந்தார். அவரும் யூதர். ஒரு சனிக்கிழமை மாடிக்கு வந்தார். இவர்களிடம் சொந்தமாக ஒரு தோரா இல்லை. தோரா என்றால் அவர்கள் வேதம், தோல் சுருளில் கையால் எழுதியது. அதுவரை அச்சடித்த புத்தகத்தை வைத்தே வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனம் இளகி, தன் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது, எழுதிக் கேட்டால் ஒரு சுருள் அனுப்பும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படிவம் வந்ததில் இருந்து மாடியில் நிம்மதி போனது. அதில் ஒரு கேள்வி. நீங்கள் எந்தப் பிரிவு? ஆர்த்தடாக்ஸ் ஒரு கட்டம், கன்சர்வேட்டிவ் ஒரு கட்டம், ரிஃபார்ம் ஒரு கட்டம். பழைய சட்டத்தை அப்படியே பிடித்தவர்களுக்கு முதல் கட்டம், காலத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டவர்களுக்குக் கடைசிக் கட்டம். அதுவரை இவர்கள் யாருக்கும் தாங்கள் ஒரு பிரிவு என்றே தெரியாது. படிவத்தைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முதல் கட்டத்தில்தான் டிக் போட வேண்டும் என்றார் மேனாஹேம். பஸ்ஸில் வந்துகொண்டே எப்படி அதில் போடுவது, கடைசிக் கட்டத்தில் போடுவோம், பெண்களையும் பத்தில் சேர்த்து எண்ணுவோம் என்றார்கள் இளவட்டங்கள். ஒருவர் பின் ஒருவராக இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். பாதி நாள் ஒன்பது பேர்தான். பெண்களைச் சேர்த்தால் பிரச்சினையே இல்லை என்பது அவர்கள் வாதம். மேனாஹேம் மேசையில் அடித்து, "பொம்பளைகளை எண்ணுனா நான் இந்தப் படி ஏறமாட்டேன்" என்றார். எண்ணாவிட்டால் நாங்கள் ஏறமாட்டோம் என்றார்கள் இவர்கள். என் மாடிப்படிக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐயா படிவத்தை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டார். இரண்டு மாதம் ஆயிற்று. நினைவூட்டிக் கடிதம் வந்தது. சரி, மற்ற விவரத்தையாவது அடிக்கட்டும் என்று கீழே என் ஆபீஸில் டைப்பிஸ்ட் சாந்தாமணியிடம் கொடுத்தார். ஊர், ஆள் கணக்கு, தபால் விலாசம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தது அந்த அம்மணி. ஐயா மறுநாள் ஜெபத்துக்கு மாடியைப் பெருக்கி வைக்க வேண்டும் என்று பாதிப் படி ஏறிவிட்டார். கீழே இருந்து சாந்தாமணி கேட்டது: "ஐயா, எந்தப் பிரிவுன்னு கேட்டிருக்குதுங்க. என்னன்னு போடட்டுமுங்க?"

மேலே இருந்து பதில் வந்தது. "கல்லுக்காட்டுப் பிரிவுதான் கண்ணு. இத்தனை வருசமா இங்கதான பஸ் எறங்கற, இதைப் போயி கேக்கறயே."

சாந்தாமணி மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே இருந்த கோட்டில் கல்லுக்காட்டுப் பிரிவு என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, அன்றே தபாலில் போட்டுவிட்டது. அதோ சிரிக்கிறது பாருங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்தப் பெயரில் ஒரு பிரிவை நாங்கள் இதுவரை கேள்விப்பட்டதில்லை, மகிழ்ச்சி, உங்கள் பிரிவின் வழக்கங்களை எழுதி அனுப்பவும் என்று இருந்தது. ஐயா என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சாந்தாமணி டைப்ரைட்டரை மூடிவிட்டு, ராஜினாமா எழுதவா என்று என்னைக் கேட்டது. ஐயா எழுந்து, "தப்பா அடிக்கலை கண்ணு. சரியாத்தான் அடிச்சிருக்கற" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அந்த வாரம் எல்லோரும் உட்கார்ந்து வழக்கங்களை எழுதினார்கள். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இருபது வருடத்தில் கொச்சியும் இல்லாத பம்பாயும் இல்லாத ஒன்றை அவர்களே செய்துகொண்டிருந்தார்கள் என்று. அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஒரு வாரம் ஒரு மெட்டு, மறு வாரம் மறு மெட்டு. அவல் தட்டு உண்டு, அதற்கு முன்னால் மலையாளப் பாட்டு உண்டு. நடந்து வருகிறவர் பஸ்ஸில் வருகிறவரைக் கேள்வி கேட்பதில்லை. சத்தமாக ஜெபிப்போம், காரணம் கிரைண்டிங் மிஷின். சனிக்கிழமை காலையில் அந்த மிஷின் ஓடாது. ஆமாம், என் பட்டறை மிஷின் ஒரு யூதப் பிரிவின் வழக்கத்தில் ஏறியிருக்கிறது. வம்சத்தில் எனக்கு முன்னால் யாருக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

கடைசியில் பெண்களை எண்ணுவது பற்றி வந்தது. அதில் அவர்கள் ஒத்துப்போகவே இல்லை. ஐயா என்ன எழுதினார் தெரியுமா? "ஒன்பது பேர் இருந்தால் அடுத்த பஸ் வரும்வரை காத்திருப்பது எங்கள் வழக்கம். பெண்களை எண்ணுவதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதற்கும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்."

சுருள் வந்தது. பெட்டியின் மேல் கல்லுக்காட்டுப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தச் சங்கம் அச்சடித்த பட்டியலில் உலகத்துப் பிரிவுகளோடு நம் பஸ் ஸ்டாப்பும் ஒரு வரியாக நிற்கிறது. ஒரே ஒரு ஜெபக்கூடம் உள்ள பிரிவு. மேனாஹேமும் படி ஏறினார், இளவட்டங்களும் ஏறினார்கள். யாரும் இறங்கிப் போகவில்லை.

ஆனால் இரங்கல் கூட்டம் என்பதற்காக எல்லாம் சரியாக நடந்தது என்று நான் பூசி மெழுகமாட்டேன். ஐயாவுக்கு ஒரே பிள்ளை, எஸ்தர் டீச்சர். தன் அம்மா இறந்தபோது டீச்சர் காதிஷ் சொல்ல ஆசைப்பட்டார். முடியவில்லை. மேனாஹேம்தான் சொன்னார். ஒருநாள் என் முன்னாலேயே டீச்சர் கேட்டார், "அப்பா, எண்ணலாமா கூடாதா, நீங்க என்ன நினைக்கறீங்க?" ஐயா சொன்னார், "நான் நினைக்கறதைச் சொன்னா ஒரு பாதி எறங்கிப் போயிரும் கண்ணு." டீச்சர் மறுபடி கேட்கவில்லை. நான்கு வருடம் வாசல் பக்கம் நின்றே ஜெபித்தார். ஒன்பது பேர் பஸ்ஸை எதிர்பார்த்து ஜன்னல் பக்கம் நிற்கும்போது, எல்லா ஜெபமும் மனப்பாடமாகத் தெரிந்த இவர் வாசலில் நிற்பார். உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வது நியாயம் இல்லை என்று ஐயாவிடம் நேராகவே சொன்னேன். "தெரியுமுங்க" என்றார். கூட்டத்தை உடையாமல் வைத்திருந்தார். அதற்கு விலை கொடுத்தது டீச்சர்.

சென்ற வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஐயா இருந்தவரை அவர்கள் சரியாகப் பத்து ஆண்கள். அவர் போனதும் ஒன்பது. கொச்சியில் இருந்து ஒருவர் கிளம்பியிருக்கிறார் என்று போன் வந்தது. அவர் வந்து பத்துப் பேர் ஆகட்டும் என்று அடக்கத்தில் காதிஷ் சொல்லாமல் வைத்திருந்து, எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். நானும் போய் வாசல் ஓரமாக நின்றேன். மூன்று மணி பஸ் வந்தது. யாரும் இறங்கவில்லை. மூன்றரை பஸ் வந்தது, இல்லை. நாலு மணி பஸ்ஸில் வேலன் டியூட்டியில் இருந்தார். மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக் கையை விரித்துவிட்டு விசில் கொடுத்தார். கொச்சி ரோட்டுப் பாலத்தில் லாரி கவிழ்ந்து அந்த வழி அடைத்துக்கிடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

இருபத்து மூன்று வருடம் ஒவ்வொருவருக்காகவும் காத்திருந்த மனிதருக்குக் காதிஷ் சொல்ல ஆள் போதவில்லை. நான் பத்தாவதாக நிற்க முடியாதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. முடியாது என்று எனக்கே தெரியும்.

மேனாஹேம் ஜன்னலை விட்டுத் திரும்பினார். எண்ண ஆரம்பித்தார், ஐயா எண்ணுகிற அதே வரியை. ஒவ்வொரு தலையாக, ஒவ்வொரு வார்த்தையாக. தன்னையும் சேர்த்து ஒன்பது வார்த்தை ஆயிற்று. நிறுத்தினார். அவர் கண் வாசல் பக்கம் வந்தது. எஸ்தர் டீச்சரைப் பார்த்தார். பத்தாவது வார்த்தையைச் சொன்னார். பிறகு சொன்னார்:

"பஸ் வந்துபோட்டுது அம்மணி. உள்ள வந்து நில்லு."

டீச்சர் உள்ளே போய் நின்றார். காதிஷ் சொன்னார். கீழே மிஷின் எதுவும் ஓடவில்லை, இருந்தாலும் சத்தமாகத்தான் சொன்னார். ரோடு வரைக்கும் கேட்டது என்று என் ஆட்கள் சொன்னார்கள்.

நாளை மறுநாள் சனிக்கிழமை. சென்ற சனிக்கிழமை துக்க வாரம் என்று மாடி பூட்டிக்கிடந்தது. ஐயா இல்லாமல் மாடியில் கூடும் முதல் சனிக்கிழமை. அன்றைக்கு எண்ணியது எப்போதைக்குமா, அந்த ஒரு நாளைக்கா என்று நான் மேனாஹேமிடம் கேட்கவில்லை. அது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. நான் செய்ய வேண்டியதை இந்தச் சபையில் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும்வரை அந்த மாடி அவர்களுடையது. எனக்குப் பிறகும் அப்படியே என்று என் மகன் ஸ்ரீனிவாஸிடம் எழுதி வாங்கிவிட்டேன், அவன் இங்கேதான் இருக்கிறான். சனிக்கிழமை காலையில் கிரைண்டிங் மிஷின் ஓடாது. எவ்வளவு அவசர ஆர்டர் என்றாலும் ஓடாது, அது வழக்கத்தில் எழுதியிருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கும்.

கோவையில் வேறு எங்காவது இவர்கள் ஆள் ஒருவர் இருந்து, எந்தப் பிரிவில் சேர்வது என்று தெரியாமல் இருந்தால், தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். காந்திபுரத்தில் பொள்ளாச்சி ரோட்டு டவுன் பஸ் ஏறி, கல்லுக்காட்டுப் பிரிவு என்று கேட்டு டிக்கெட் வாங்க வேண்டும். கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை, காத்திருப்பார்கள்.